திருகோணமலையில் இருந்தபடி ஒரு நிதித் திட்டமிடல் டிகிரி: காசுக்குப் பெறுமதியா?

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், முழுக்க வாசிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதோடு போய்விடலாம். ஐந்துக்கு மூன்றரை. அவுஸ்திரேலியாவில் குடியேறி அங்கேயே வேலை பார்க்கப் போகிறவர் என்றால் நாலரை கொடுப்பேன். படித்து முடித்துவிட்டுத் திருமலையிலேயே நிதி ஆலோசகர் என்று பலகை தொங்கவிடலாம் என்று கனவு காண்பவருக்கு இரண்டு, அதுவும் மனம் இரங்கிப் போட்டது.

படிப்பின் பெயர் நிதித் திட்டமிடல் இளமாணி. கொடுப்பது அவுஸ்திரேலியாவில் கோதுமைக் காணிகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்னப் பல்கலைக்கழகம். பெயர் போடவில்லை, கீழே கொஞ்சம் திட்டவும் போகிறேன் என்பதால். நான் உவர்மலை வீட்டில் இருந்துகொண்டு தொலைக்கல்வியாக, பகுதி நேரமாகப் படித்தேன். பகலில் உப்புவெளியில் ஒரு ஹோட்டலின் கணக்குப் பிரிவில் வேலை. 2021இல் தொடங்கியது 2025 கடைசியில் முடிந்தது. மொத்தம் 24 பாடங்கள், முழுநேரமாகச் செய்தால் மூன்று வருடம்.

இது என்ன படிப்பு என்று வீட்டில் விளங்கப்படுத்தவே தனியாக ஒரு டிகிரி வேண்டும். "அக்கவுண்டிங்தானே பிள்ளை?" என்பார் மாமா. இல்லை மாமா என்றால், "அப்ப பாங்க் வேலையா?" அதுவும் இல்லை. ஒரு குடும்பத்தின் வருமானம், கடன், காப்புறுதி, வரி, ஓய்வுகாலம், சொத்தைப் பிள்ளைகளுக்கு விடுவது எல்லாவற்றையும் ஒரே மேசையில் போட்டு, அடுத்த இருபது முப்பது வருடத்துக்கு என்ன செய்யலாம் என்று எழுதிக் கொடுக்கிற வேலை. இங்கே அந்த வேலையைத் துண்டு துண்டாகக் காப்புறுதி முகவர், வங்கி மனேஜர், நொத்தாரிசு, நகைக்கடைக்காரர், சீட்டுப் பிடிக்கும் அன்ரி என்று ஐந்து பேர் பார்க்கிறார்கள், அநேகமானவர்கள் தங்கள் சாமானை விற்பதற்காகத்தான் பார்க்கிறார்கள்.

இதற்கு அங்கே ஏன் தனி டிகிரி என்பதற்கு ஒரு கதை இருக்கிறது, அது தெரியாவிட்டால் பாடத்திட்டம் ஏன் இப்படி இருக்கிறது என்று விளங்காது. முன்பெல்லாம் ஒரு குறுகிய பயிற்சி முடித்தவரும் அந்த நாட்டில் ஆலோசகர் ஆகலாம். வங்கிகளே ஆலோசகர்களை வைத்துத் தங்கள் முதலீடுகளைத் தள்ளிவிட்டன. 2013இல் முதலீட்டுப் பொருட்களுக்குக் கமிஷன் வாங்குவதைத் தடுத்தார்கள். பிறகு வங்கித் துறையை விசாரிக்க முன்னாள் நீதிபதி கென்னத் ஹெய்ன் தலைமையில் ஆணைக்குழு வைத்தார்கள், அதன் இறுதி அறிக்கை 2019 பெப்ரவரியில் வந்தது. அந்த விசாரணையில் வெளிவந்த விஷயங்களில் ஒன்று, இறந்துபோன வாடிக்கையாளர்களின் கணக்கில்கூட ஆலோசனைக் கட்டணம் வெட்டியிருக்கிறார்கள் என்பது. செத்தவருக்கு என்ன ஆலோசனை சொன்னார்களோ! 2019 ஜனவரி 1 முதல் புதிதாக வருகிறவர் அங்கீகரிக்கப்பட்ட டிகிரி, தேசிய மட்டப் பரீட்சை, 1,600 மணித்தியாலத் தொழில்முறைப் பயிற்சி ஆண்டு மூன்றையும் முடிக்க வேண்டும். இந்த இறுக்கத்தில் 28,000 அளவில் இருந்த ஆலோசகர் தொகை சில வருடங்களில் 16,000க்குக் கீழே வந்துவிட்டது. ஆகவே அங்கே ஆள் தேவை இருக்கிறது, அதை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அந்தப் பயிற்சி ஆண்டை அங்கே உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்தின் மேற்பார்வையில்தான் செய்யலாம் என்பது எங்கேயோ பத்தாவது பக்கத்தில் இருக்கும். உவர்மலையில் இருந்துகொண்டு அது நடக்காது. இதை வடிவாக விளங்கிக்கொண்டு சேருங்கள்.

அந்த வரலாற்றின் நல்ல பக்கம், ஒழுக்கநெறிப் பாடம். சப்பென்று இருக்கும் என்று நான் நினைத்த இந்தப் பாடம்தான் முழு டிகிரியிலும் உறைத்த பாடம். நிஜமாக நடந்த வழக்குகளை எடுத்து, இந்த ஆலோசகர் எந்த இடத்தில் வாடிக்கையாளரின் நலனை விட்டுத் தன் நலனைப் பார்க்கத் தொடங்கினார் என்று வரி வரியாகக் காட்டச் சொல்வார்கள். அதைப் படித்த பிறகு எந்த முகவர் வீட்டுக்கு வந்து கோப்பை விரித்தாலும் என் காது முதலில் தேடுவது, இதில் இவருக்கு எவ்வளவு என்பதைத்தான்.

சரி, சின்னப் பல்கலைக்கழகம் என்பதற்கு வருவோம். பலரும் கேட்பது இதுதான்: பெயர் இல்லாத கம்பஸில் படிப்பதா? என் அனுபவத்தில் இந்தப் படிப்புக்குச் சின்ன இடம் நல்லது. சூம் வகுப்பில் இருக்கிற ஆட்களை ஒரு ஹையேஸ் வானில் ஏற்றிவிடலாம், அவ்வளவுதான் கூட்டம். விரிவுரையாளர்களுக்கு உங்கள் பெயர், ஊர், வேலை எல்லாம் தெரியும். அவர்களில் பாதிப்பேர் வாரத்தில் சில நாள் உண்மையிலேயே வாடிக்கையாளர்களோடு உட்காருகிற ஆலோசகர்கள், ஆகவே புத்தகத்தில் இல்லாத விஷயம் வாயில் வரும். புருஷன் மட்டும் கதைத்துக்கொண்டிருந்தால் மனைவியிடம் எப்படிக் கேள்வியைத் திருப்புவது, கடனை மறைக்கிறவரிடம் எந்த இடத்தில் பேசாமல் காத்திருப்பது, இப்படி.

ஒப்படைகளைத் திருத்தித் தருகிற விதம் இன்னும் நல்லது. இறுதி வருடத்தில் ஒரு குடும்பத்துக்கு முழு ஆலோசனை அறிக்கை எழுத வேண்டும். எனக்கு வந்த குடும்பம், அறுபதைத் தாண்டிய கமக்காரத் தம்பதி. பெரிய கோதுமைக் காணி, மூன்று பிள்ளைகள், ஒருவன் மட்டும் ஊரில் நின்று ட்ரக்டர் ஓட்டுகிறான், மற்ற இருவரும் நகரத்தில். காணியைச் சமமாகப் பிரித்தால் ஒருவருக்கும் பிழைக்கக் காணாது. நிற்கிறவனுக்கே எழுதினால் மற்ற இரண்டு பேரும் செத்த வீட்டுக்கும் வரமாட்டார்கள். வாசித்துக்கொண்டு போகையில் இது தம்பலகாமம்தானே என்று பட்டது. பெயரை மாற்றி, கோதுமையை நெல்லாக்கி, ட்ரக்டரை அப்படியே விட்டால் எங்கள் சொந்தக்காரர் வீட்டுப் பிரச்சினை.

நான் இதை விரிவுரையாளரிடம் சொன்னேன். அவரும் கமக்காரர் வீட்டுப் பெண்தான். அன்றைக்கு எனக்கு ஒதுக்கிய நேரம் கடந்தும் விடாமல், கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் எப்போது திறப்பார்கள், பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் விளைச்சல் எவ்வளவு வித்தியாசம், காணி யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். யார் பெயரில் என்ற கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் நானே கனக்க விஷயம் படித்தேன். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கிடைத்த காணியை உறுதிக்காணி போல நினைத்தபடி விற்கவோ பிரிக்கவோ முடியாது, தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று ஒருவரைப் பின்னுரித்தாளராகப் பெயர் குறித்து வைக்க வேண்டும், குறிக்காமல் போனவர்களின் வீட்டில்தான் பிரதேச செயலகத்துக்கு அலைச்சல். மரண சாசனம் என்றால் நொத்தாரிசு முன் இரண்டு சாட்சி, நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சி. முஸ்லிம் குடும்பம் என்றால் வாரிசுரிமைக்கு 1931ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், அது வேறு கணக்கு. இதொன்றும் பாடத்தில் வராது, ஆனால் இதையெல்லாம் எங்கே எந்தக் கேள்வியில் தொடங்கித் தோண்ட வேண்டும் என்பது பாடத்தில் வந்தது.

என் முதல் வரைவில் அவர் எழுதிய குறிப்பு இன்னும் கோப்பில் இருக்கிறது. நாலாம் பக்கத்தில் 'இடர் தாங்கும் தன்மை மிதமானது' என்று நான் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருந்த வசனத்துக்குப் பக்கத்தில், "இதை அந்த மனுஷன் சாப்பாட்டு மேசையில் வாசித்தால் என்ன விளங்கும்? திருப்பி எழுது" என்று மட்டும். ஆயிரம் பேர் படிக்கிற இடத்தில் இப்படி ஒருவரும் உட்கார்ந்து எழுதமாட்டார்கள்.

இனித் திட்டு. சின்ன இடம் என்பதால் சில பாடங்கள் வருடத்துக்கு ஒருமுறைதான் ஓடும். அந்த செமஸ்டரில் உங்களுக்கு வேலை நெருக்கடி என்றால் அடுத்த வருடம்வரை காத்திருப்புத்தான், அதைப் பிடித்துத் தொங்குகிற மற்றப் பாடங்களும் சேர்ந்து பின்னுக்குப் போகும். எங்களுக்கு உல்லாசப் பயணிகள் சீசன் மே தொடங்கி செப்டெம்பர், அவர்களின் இரண்டாம் செமஸ்டர் யூலையில், கேட்கவே வேண்டாம். ஓய்வூதிய நிதிப் பாடத்தை எடுத்த விரிவுரையாளர் நடுவில் விலகிப் போனார், மாற்று ஆள் இல்லை, பழைய ஒளிப்பதிவுகளைப் போட்டுவிட்டார்கள். அதில் வேலை கொடுப்பவர் கட்ட வேண்டிய பங்கு நூற்றுக்கு 9.5 என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பாடத்தைப் படித்த வருடம் அது 11, இப்போது 12. இதைச் சொல்லி மின்னஞ்சல் போட்டால், 'கவனத்தில் எடுத்தோம்' என்று பதில். முழுக் கட்டணத்தையும் கவனத்தோடுதான் எடுத்தார்கள்.

அடுத்தது, பாதிப் பாடம் அந்த நாட்டுச் சட்டம். பங்கிலாபத்தோடு வருகிற வரி வரவு, வாடகை வீட்டு நட்டத்தைச் சம்பள வரியில் கழிப்பது, முதியோர் கொடுப்பனவுக்குச் சொத்துச் சோதனை, அறுபது வயதில் திறக்கிற ஓய்வூதியக் கணக்கு என்று மாதக்கணக்காக மனப்பாடம் செய்வீர்கள். சீனக்குடா சந்தியில் நின்று இதை யாரிடம் சொல்வது? பிரிமா மா ஆலையிலோ டோக்கியோ சீமெந்திலோ வேலை செய்கிறவருக்குத் தெரிய வேண்டியது ஊழியர் சேமலாப நிதியம். சம்பளத்தில் அவர் 8 வீதம், கம்பனி 12 வீதம் கட்டும், ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில் எடுக்கலாம். ஊழியர் நம்பிக்கை நிதியம் என்று கம்பனி தனியாக 3 வீதம் கட்டுகிறது. அவுஸ்திரேலியக் கணக்கில் எந்த முதலீட்டில் போடுவது என்று ஆளே தெரிவு செய்யலாம், அதில்தான் ஆலோசகருக்குப் பாதி வேலை. இங்கே மத்திய வங்கி பார்த்துக்கொள்கிறது, நீங்கள் தெரிவு செய்ய ஒன்றும் இல்லை. ஒரு நாட்டில் தொழிலாக இருப்பது இன்னொரு நாட்டில் படிவம் நிரப்புவதாக முடிந்துவிடுகிறது.

எனக்குச் சிரிப்பு வந்த இடம், வாடிக்கையாளர் எவ்வளவு நட்டத்தைத் தாங்குவார் என்று அளக்கிற இடர் வினாத்தாள். 'உங்கள் முதலீடு ஒரே வருடத்தில் நூற்றுக்கு 20 விழுந்தால் என்ன செய்வீர்கள்' என்று ஒரு கேள்வி. பயிற்சிக்காக அதை எங்கள் ஒழுங்கை ஆச்சியிடம் கேட்டேன். அவருக்கு வீடு ஒருமுறை சண்டையில் போனது, கடலோரத்து வீடு சுனாமியில் போனது. நூற்றுக்கு 20 விழுந்தால் மிச்சம் 80 இருக்குமே பிள்ளை என்றார். வினாத்தாளின் கணக்குப்படி அவர் துணிச்சலான முதலீட்டாளர்! உண்மையில் காதுத் தோட்டைத் தவிர எதையும் நம்பாத மனுஷி. அதே வினாத்தாளில் 'மார்க்கப்படி வட்டி எனக்கு வேண்டாம்' என்று சொல்லும் கிண்ணியாக்காரருக்கு அடையாளம் போட ஒரு பெட்டிகூட இல்லை. நகையைப் பற்றிப் பாடநூலில் வருவது வருமானம் தராத சொத்து என்று ஒரு வரி. 2022இல் ரூபாய் விழ விழப் பவுன் விலை கூடவே ஏறியதை நாங்கள் கண்ணால் பார்த்தோம், ஆச்சிக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

2022 என்றதும் கட்டணம். வருடத் தொடக்கத்தில் அவுஸ்திரேலிய டொலர் 150 ரூபாயைச் சுற்றி நின்றது, மே மாதம் 250ஐத் தாண்டிவிட்டது. அதே பாடம், அதே கட்டணம், ரூபாயில் மூன்றில் இரண்டு பங்கு கூட. காசு இருந்தாலும் அனுப்ப வங்கியில் டொலர் இல்லை. இன்றைக்கு வாங்கோ, நாளைக்கு வாங்கோ என்று ஒரு கிளையில் என்னை இழுத்தடித்ததில் கட்டும் தேதி தாண்டி, பல்கலைக்கழகம் என் கணக்கைப் பூட்டிவிட்டது. இங்கே அவர்களைப் பாராட்ட வேண்டும், அழைத்துச் சொன்னதும் செய்தியில் பார்த்தோம் என்று அபராதம் இல்லாமல் தவணை போட்டுத் தந்தார்கள், அதுவும் சின்ன இடம் என்பதால்தான் நடந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது போன் வெளிச்சத்தில் ஒப்படை செய்த கதையெல்லாம் ஊரில் எல்லோரிடமும் இருக்கிறது, நான் நீட்டவில்லை. பாடத்துக்குத் தந்த திட்டமிடல் மென்பொருளில் பணவீக்கத்துக்கு ஒரு பெட்டி, அதில் எப்போதும் 2.5 போட்டிருக்கும். அந்த செப்டெம்பரில் எங்கள் நாட்டுப் பணவீக்கம் 70 அளவில். நான் 70 என்று அடித்துப் பார்த்தேன், சிவப்பு எழுத்தில் 'சரியான இலக்கத்தை இடவும்' என்றது.

வகுப்பு நேரம் பிரச்சினையில்லை, அவர்களின் மாலை ஆறு மணி எங்களுக்குப் பகல் ஒன்றரை, அவர்கள் கோடையில் மணிக்கூட்டை மாற்றும்போது பன்னிரண்டரை. மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தியாகம் செய்ய வேண்டும்.

வேலை? ஊரில் ஒரு நிதிக் கம்பனி நேர்முகத்துக்குப் போனேன், என் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு "இது எம்எல்எம் மாதிரி ஒன்றா?" என்று கேட்டார்கள், ஆளுக்கு ஆள் சேர்த்துக் காசு பிடிக்கிற வியாபாரம் என்று நினைத்து. கணக்கீட்டுத் தகுதி இருந்தால் சொல்லுங்கள் என்றார்கள். வங்கிகள், லீசிங் கம்பனிகள், காப்புறுதிக் கம்பனிகள் என்று இங்கே இருக்கிற வேலைகள் எல்லாம் விற்கிற வேலைகள், மாத இலக்கு உண்டு. ஒழுக்கநெறிப் பாடத்தில் நல்ல புள்ளி எடுத்தவருக்கு அந்த இலக்கு கொஞ்சம் தொண்டையில் நிற்கும்.

நான் அதே ஹோட்டலில்தான் இருக்கிறேன், கொஞ்சம் பெரிய நாற்காலி. படித்தது உண்மையில் உதவுவது அங்கேதான். சீசனில் எங்கள் பெடியளுக்குச் சேவைக் கட்டணம் சேர்ந்து நல்ல காசு வரும், மாரியில் வெறும் சம்பளம். நிலாவெளிப் பக்கத்துத் தம்பி ஒருவர் ஆவணியில் லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுப்பார், மார்கழியில் தவணை கட்டமுடியாமல் வண்டி போய்விடும். பாடநூல் சொல்வது, மூன்று மாதச் செலவைத் தனிக் கணக்கில் ஒதுக்கு என்று. அவருடைய தனிக் கணக்கில் கை போகாமல் இருக்கவே இருக்காது. கடைசியில் சரிவந்தது, ஆனியில் தொடங்குகிற சீட்டு ஒன்றில் சேர்ந்து, ஏலத்தில் காசு விட்டுக்கொடுத்துக் கழிவுக்குக் கேட்காமல் மார்கழி முறையை முன்கூட்டியே பேசி எடுத்துக்கொண்டது. காசைத் தொடவும் முடியாது, கட்டாமல் விட்டால் அன்ரி வீட்டு வாசலுக்கு வருவார். இன்னொருவர் தாயின் ஓய்வூதியக் காசு முழுவதையும் கூடிய வட்டிக்கு ஒரே கம்பனியில் போடப் போனார். மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான் என்று சொன்னதும் பிரித்துப் போட்டார். இதற்கு டிகிரி வேண்டுமா என்றால், வேண்டாம். ஆனால் ஆளை உட்காரவைத்து முழுக் கதையையும் கேட்கிற பழக்கம் எனக்கு இந்தப் படிப்பில்தான் வந்தது.

உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்கு: இசட் புள்ளி கைகொடுத்தால் கோணேசபுரியில் இருக்கிற வளாகத்திலேயே வணிகம் படிக்கலாம், கட்டணம் இல்லை, வீட்டுச் சாப்பாடு. கணக்கீட்டில் தொழில்முறைத் தகுதி ஒன்றைப் பக்கத்தில் செய்தால் ஊரில் வேலை இதைவிடச் சுலபம். வெளிநாடு போவது உறுதி, உறவினர் அங்கே இருக்கிறார்கள், மனிதரோடு கதைக்கப் பிடிக்கும் என்றால் மட்டும் இதைப் பாருங்கள்.

பார்ப்பதென்றால் காசு கட்டுமுன் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். இந்த டிகிரி அந்த நாட்டின் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இப்போது இருக்கிறதா, நீங்கள் சேர்கிற வருடத்துக்கும் அது செல்லுமா. எங்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்கிறதா, இல்லாவிட்டால் அரச வேலைக்குப் போட முடியாது. எந்தெந்தப் பாடம் வருடத்துக்கு ஒருமுறை மட்டும் ஓடுகிறது. ஒளிப்பதிவுகள் எந்த வருடத்தவை. ஒரு பாடத்தைத் தொடங்கிய பிறகு எந்தத் தேதிக்கு முன் விலகினால் கட்டணம் வராது, அந்தத் தேதியை எந்த நாட்டு நேரத்தில் கணக்கெடுக்கிறார்கள், ஏனென்றால் எங்களுக்கு இரவு ஏழரை ஆகும்போதே அங்கே அடுத்த நாள் தொடங்கிவிடும்.